எதிரிக்கு மட்டும் முகம்

1943 பிப்ரவரி 1ஆம் தேதியிட்ட அமெரிக்க ‘லைஃப்’ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. குவாடல்கனால் தீவில் எரிந்து நிற்கும் ஜப்பானிய டாங்கி. அதன்மேல் ஒரு ஜப்பானியப் படைவீரனின் கருகிய தலை. தலைக்கவசம் கழலவில்லை; வாய் திறந்திருக்கிறது. அமெரிக்கப் படையினர்தான் அதை அங்கே எடுத்து வைத்திருந்தார்கள். படமெடுத்தவர் ரால்ஃப் மோர்ஸ். அதே ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி அதே இதழ், ஜார்ஜ் ஸ்ட்ராக் எடுத்த வேறொரு படத்தை வெளியிட்டது. நியூகினியின் புனா கடற்கரையில் மூன்று அமெரிக்க வீரர்கள் இறந்து கிடக்கிறார்கள். அலை கொண்டுவந்த மணல் உடல்களைப் பாதி மூடியிருக்கிறது. அமெரிக்கா போரில் இறங்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்வரை, இறந்துகிடக்கும் அமெரிக்க வீரரின் படத்தைத் தணிக்கை வெளியே விட்டதில்லை. இந்தப் படமும் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அதிபர் ரூஸ்வெல்ட்வரை போன பிறகே அச்சேறியது. அப்போதும் மூவரில் ஒருவர் முகம்கூட அதில் தெரியவில்லை.

ஒரே இதழ், ஒரே போர், ஒரே வாசகர்கள். எதிரியின் தலை மிக அருகில், நேருக்கு நேர். தம்மவரின் உடல் முகம் கவிழ்ந்து. தம் வீட்டுச் சாவுக்குத் துணி போர்த்துகிறவர்களே எதிரி வீட்டுச் சாவைத் திறந்துபோடுகிறார்கள். தொலைவிலுள்ள, அந்நியமாகத் தோன்றும் மக்கள் என்றால் இறந்தவரையும் இறந்துகொண்டிருப்பவரையும் முகத்துக்கு நேராகக் காட்டத் தயக்கமே இருப்பதில்லை என்று எழுத்தாளர் சூசன் சோன்டாக் 2003இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டார். புகைப்படம் எதிரியை உருவாக்குகிறதா, எதிரிக்குள் இருக்கும் மனிதரைக் காட்டிக்கொடுக்கிறதா என்ற கேள்வி ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக நடக்கிறது. இரண்டையும் அது செய்திருக்கிறது. எப்போது எதைச் செய்கிறது என்பதைப் படத்துக்குள் இருப்பதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. கேமராவை யார் பிடித்தார், யார் அனுமதித்தார், கீழே யார் குறிப்பு எழுதினார், படத்திலிருப்பவரால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்ததா என்று வெளியே போய்த் தேடவேண்டியிருக்கிறது.

இந்தியாவில் இந்த வரலாறு லக்னோவில் தொடங்குகிறது. 1857 நவம்பரில் சிக்கந்தர் பாக் தோட்ட மாளிகையைப் பிரிட்டிஷ் படை தாக்கியபோது உள்ளேயிருந்த ஏறக்குறைய 2,000 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஃபெலிசே பியாட்டோ என்ற படக்கலைஞர் அங்கே வந்து சேர்ந்தது அடுத்த ஆண்டு மார்ச்சில். அவர் எடுத்த புகழ்பெற்ற படத்தில், சிதைந்த மாளிகையின் முற்றமெங்கும் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. பின்னணியில் சில இந்தியர்கள் நிற்கிறார்கள். தாக்குதலுக்கும் படத்துக்கும் இடையே மாதங்கள் கடந்திருந்ததால், புதைத்த எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பரப்பி எடுத்த படம் இது என்றே பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1855இல், ரோஜர் ஃபென்டன் கிரிமியப் போருக்குப் போய்வந்தார். அங்கே செத்தவர்களில் பிரிட்டிஷார் ஏராளம். அவர் கொண்டுவந்த படங்களில் ஒரு பிணம்கூட இல்லை.

1857 சிப்பாய்க் கிளர்ச்சி அடங்கியதும் மற்றொரு வேலை நடந்தது. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்த ‘தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளியானது. சாதி, குலம், தொழில் என்று பிரித்து, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அந்தக் கூட்டத்தாரின் ‘குணம்’ எழுதப்பட்டது. யார் அமைதியானவர்கள், யார் திருட்டுப் புத்தி உள்ளவர்கள், யாரை நம்பலாம் என்பதுபோன்ற தீர்ப்புகள் அவை. படத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர் எதுவும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வரிகள்தான் அவரைச் சந்தேகத்துக்குரியவராக்குகின்றன. 1880களில் பாரிஸ் காவல்துறையில் அல்போன்ஸ் பெர்ட்டியோன் கைதிகளை முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படமெடுக்கும் முறையை நிலைப்படுத்தினார். இன்றுவரை உலகக் காவல்நிலையங்கள் பின்பற்றுவது அதைத்தான்.

பிணத்தை இடம் மாற்றுவது பிரிட்டிஷாரோடு நிற்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின் அலெக்ஸாண்டர் கார்ட்னர் குழு எடுத்த படம் ஒன்று, பாறை மறைவில் செத்துக்கிடக்கும் தெற்குப்படைக் குறிபார்த்துச் சுடுபவனைக் காட்டுகிறது. வேறிடத்தில் கிடந்த உடலைத் தூக்கிவந்து இங்கே கிடத்தியிருக்கிறார்கள் என்பதை 1975இல் வரலாற்றாசிரியர் வில்லியம் ஃபிராசனிட்டோ நிறுவினார். பக்கத்தில் சாய்த்திருக்கும் துப்பாக்கியும் குறிபார்த்துச் சுடுபவர்கள் பயன்படுத்தும் வகை அல்ல. நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் உலகம் நம்பிய ‘எதிரியின் கடைசி நிமிடம்’ இப்படித் தயாரிக்கப்பட்டது. சண்டைக்களத்தை வென்ற பக்கம்தான் தன் பிணங்களை முதலில் புதைக்கும். கேமரா வரும்போது வெளியே மிஞ்சிக் கிடப்பது தோற்ற பக்கத்துப் பிணங்களே. எதிரியின் சாவு இத்தனை படங்களில் இடம்பெற்றதற்கு இந்தச் சாதாரண நடைமுறையும் ஒரு காரணம்.

படம் எதிரியை உருவாக்குகிறதா, மனிதரைக் காட்டுகிறதா என்ற கேள்வியை முழுமையாகப் பார்க்க எனக்குத் தெரிந்தவரை சிறந்த இடம் 1942ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது 1941 டிசம்பர் 7. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 22 இதழில் ‘லைஃப்’ சீனரிலிருந்து ஜப்பானியரைப் பிரித்தறிவது எப்படி என்று பாடம் நடத்தியது. ஒரு சீன அதிகாரியின் முகம், ஜப்பானியப் பிரதமர் தோஜோவின் முகம், இரண்டின் மேலும் மூக்கு இப்படி, கன்ன எலும்பு இப்படி என்று கையால் எழுதிய குறிப்புகள். நட்பு நாட்டுச் சீனர்களைத் தெருவில் தவறாக அடித்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். சரியான ஆளை அடையாளம் கண்ட பிறகு என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு, கடை, நிலத்தை விட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். அவர்கள் கேமரா வைத்திருப்பதே குற்றமாயிற்று. அதே நேரத்தில் இந்த இடமாற்றத்தைப் பதிவுசெய்ய அரசே டோரத்தியா லாங்கை வேலைக்கு எடுத்தது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்து விவசாயக் குடும்பங்களைப் படமெடுத்துப் பெயர் பெற்றவர் அவர். இடமாற்றம் ஒழுங்காக, மனிதத்தன்மையோடு நடந்தது என்பதற்குச் சான்று தேவைப்பட்டது. முள்வேலி, காவல் கோபுரம், ஆயுதம் தாங்கிய காவலர் ஆகியவற்றை எடுக்கக் கூடாது என்று நிபந்தனை.

லாங் அந்த நிபந்தனைக்கு உட்பட்டே எடுத்தார். ஆனால் அவர் முகாமுக்கு முன்னாலேயே தொடங்கினார். ஓக்லாந்தில் ஒரு மளிகைக் கடையின் முகப்பில் ‘நான் அமெரிக்கன்’ என்று பெரிய பலகை. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள் கடைக்காரர் மாட்டியது. கடை பூட்டியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பள்ளியின் சிறு பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்து அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி எடுக்கிறார்கள். குடும்ப எண் எழுதிய அட்டை கழுத்திலோ சட்டையிலோ தொங்கக் குழந்தைகள் மூட்டைகளுக்கு நடுவே பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். இவர்கள் எதிரிகள் என்றால், எதிரி என்பது என்ன என்று பார்ப்பவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். ராணுவம் அதைப் புரிந்துகொண்டது. எண்ணூறு படங்கள் அளவுக்கு எடுத்திருந்தார். போர் முடியும்வரை அவை முடக்கப்பட்டு, பின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயின. சிலவற்றின் மேல் ‘முடக்கப்பட்டது’ என்று எழுதியும் வைத்தார்கள். அவருடைய படங்களை முதன்மையாகக் கொண்டு லிண்டா கார்டனும் கேரி ஒக்கிஹிரோவும் தொகுத்த நூல் 2006இல்தான் வந்தது. அரசு தானே கூலி கொடுத்து எடுக்கச்சொன்ன படங்களைத் தானே ஒளித்துவைத்தது. அந்தப் படங்களின் உண்மைக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டியதில்லை.

ஆன்செல் ஆடம்ஸ் 1943இல் மன்சனார் முகாமுக்குப் போனார். முகாம் இயக்குநர் அவருக்கு நண்பர். செவிலியர், விவசாயி, மாணவர் என்று ஒவ்வொருவரையும் மிக அருகில், நல்ல வெளிச்சத்தில், பெரும்பாலும் புன்னகையோடு எடுத்தார். 1944இல் ‘பார்ன் ஃப்ரீ அண்ட் ஈக்வல்’ என்று நூலாக்கினார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பகைமை கொதித்த நாட்டில், இவர்களும் நம்மவர்களே என்று ஒருவர் அச்சிட்டுச் சொன்னது துணிச்சல்தான். ஆனாலும் அந்தப் படங்களைப் புரட்டும்போது எனக்கு ஓர் உறுத்தல் தீர்வதில்லை. அவற்றில் யாரும் கோபப்படுவதில்லை. வீட்டையும் தொழிலையும் இழந்து வேலிக்குள் வாழும் மனிதருக்குக் கோபம் இருக்காதா? சிரித்தால்தான், விசுவாசத்தை முகத்தில் காட்டினால்தான் மனிதராக ஏற்போம் என்றால் அந்த ஏற்பில் ஒரு மிரட்டல் ஒளிந்திருக்கிறது. எதிரியை மனிதராகக் காட்ட முயலும் நல்லெண்ணப் படங்களில் பெரும்பாலானவை இன்றும் இந்தக் குழியில்தான் விழுகின்றன.

மூன்றாமவர் தோயோ மியாதாகே. லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டூடியோ வைத்திருந்தவர்; முகாமில் அடைபட்டவர்களில் ஒருவர். ஒரு லென்சையும் படச்சுருள் செருகும் சட்டத்தையும் மறைத்து எடுத்துவந்து, மரத்தால் சாப்பாட்டுப் பெட்டிபோலத் தோன்றும் கேமராவை முகாமுக்குள் செய்துகொண்டார். பிடிபட்ட பிறகு அவரையே முகாம் படக்காரராக்கினார்கள். அதற்கும் ஒரு விதி: எல்லாவற்றையும் அவர் தயார் செய்யலாம், ஷட்டரை ஒரு வெள்ளையர்தான் அழுத்த வேண்டும். இந்த விதியும் பிறகு தளர்ந்தது. முள்வேலியைப் பிடித்துக்கொண்டு மூன்று பையன்கள் நிற்கும் அவர் படம், லாங்குக்கும் ஆடம்ஸுக்கும் மறுக்கப்பட்டதை நடுவில் வைத்துக் காட்டுகிறது. இவர்களின் படங்களுக்கு வெளியே போர் தன் வழியில் போனது. 1944 மே 22 ‘லைஃப்’ இதழில், ஓர் இளம்பெண் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார். கடற்படையிலிருந்து காதலர் அனுப்பிய ஜப்பானியரின் மண்டையோடு எதிரே இருக்கிறது. அதற்கு நன்றிக் கடிதம். முகாம்களில் அடைத்த மக்களிடம் அமெரிக்கா சட்டப்படி மன்னிப்புக் கேட்டது 1988இல். உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

எதிரியை அழிப்பவரே எடுத்த படங்களின் கதை வேறு. வார்சா யூதர் குடியிருப்பில் 1943 ஏப்ரலில் எழுந்த கிளர்ச்சியை அடக்கிய நாஜி எஸ்எஸ் தளபதி யூர்கன் ஸ்ட்ரூப், தன் சாதனையை மேலிடத்துக்குக் காட்டத் தோலட்டை போட்ட அறிக்கை தயாரித்தான். துப்பாக்கி முனையில் கைகளைத் தூக்கி நிற்கும் சிறுவனின் படம் அதிலிருந்து வந்ததே. பதுங்குகுழியிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியே இழுக்கப்பட்டவர்கள் என்று கீழே குறிப்பு. எடுத்தவர்களின் கண்ணுக்கு அந்தச் சிறுவன் கொள்ளைக்கூட்டத்தில் ஒருவன். நியூரம்பர்க் நீதிமன்றத்தில் அதே அறிக்கை அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று. ஸ்ட்ரூப் 1952இல் வார்சாவில் தூக்கிலிடப்பட்டான். படத்தில் துப்பாக்கியோடு நிற்கும் யோசஃப் ப்லோஷ, கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்துகொண்டிருந்தபோது அகப்பட்டு 1969இல் மரண தண்டனை பெற்றான்.

கம்போடியாவில் கெமர் ரூஜ் ஆட்சி எஸ்-21 சிறைக்கு வந்த ஒவ்வொருவரையும் படமெடுத்தது. குறைந்தது 14,000 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். தப்பியவர்கள் மிகச் சிலர். கட்சிக்குள் ஒளிந்த எதிரிகள் என்பது அவர்கள்மேல் சாட்டிய குற்றம். படமெடுத்த நெம் என், கண்கட்டை அவிழ்த்ததும் தாம் செய்த தவறு என்னவென்று அவர்கள் கேட்டதையும், நேராகப் பார்க்கச் சொன்னதைத் தவிரத் தாம் எதுவும் சொல்லாததையும் பின்னாளில் பேட்டியில் கூறினார். 1997இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றில் 22 படங்களைச் சுவரில் மாட்டியபோது கடும் விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். அந்த முகங்களைப் பார்க்கும் ஒவ்வொருவரும் கொலைகாரரின் கேமரா நின்ற இடத்தில்தான் நின்று பார்க்கிறோம். பெயரையும் வாழ்க்கையையும் தேடிச் சேர்க்காமல் முகத்தை மட்டும் கலையாக மாட்டினால், சிறை அவர்களுக்குச் செய்ததன் ஒரு பகுதி தொடர்கிறது.

வியட்நாமின் மை லாயில் 1968 மார்ச் 16 அன்று நடந்த படுகொலைக்கு ரொனால்ட் ஹேபர்லே ராணுவப் படக்காரராகப் போயிருந்தார். ராணுவக் கேமராவின் கறுப்பு வெள்ளைப் படங்களை மேலிடத்தில் ஒப்படைத்தார். தம் சொந்தக் கேமராவின் வண்ணப் படங்களை வைத்துக்கொண்டார். பெண்களும் குழந்தைகளும் பாதையில் குவிந்து கிடக்கும் அந்த வண்ணப் படங்கள் 1969 நவம்பர் 20 அன்று கிளீவ்லாந்து நாளிதழ் ஒன்றில் வந்தபோதுதான், கொன்றதாகச் சொன்ன எதிரிகள் யார் என்பது அமெரிக்க மக்களுக்குத் தெரிந்தது. வீரர்கள் சுடுவதைக் காட்டிய சில படங்களைத் தாமே அழித்துவிட்டதாக அவர் நாற்பது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார். இறந்தவரைக் காட்டுவது வரை மனம் இடம் கொடுத்தது; தம்மவரின் முகத்தைக் காட்ட இடம் கொடுக்கவில்லை.

இந்த வரிசையில் தமிழர் கண்ட படங்களும் உண்டு. 2009இல் இலங்கைப் போர் முடிந்த பின், படையினரின் கைப்பேசிகளில் வெற்றிச் சின்னமாக எடுக்கப்பட்டவை வெளியே கசிந்தன. பிரிட்டனின் சேனல் 4 அவற்றை ஒளிபரப்பியது. அரசு போலி என்று மறுத்தது, ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து உண்மையானவை என்றார்கள். 2013 பிப்ரவரியில், விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் 12 வயது மகன் மணல்மூட்டைகளுக்கு இடையே அமர்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கும் படமும், நெஞ்சில் குண்டுக் காயங்களோடு கிடக்கும் படமும் வெளியாயின. அடுத்த மாதம் தமிழ்நாட்டு மாணவர்கள் கல்லூரிகளை விட்டு வெளியே வந்தார்கள். எதிரியின் பிள்ளை என்ற சொல்லுக்குள் ஒரு குழந்தை இருந்ததை அந்தப் படம் உலகுக்குக் காட்டியது. இதே அளவுகோலை நம்மை நோக்கியும் திருப்பவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 1987 ஜூனில் அரந்தலாவையில் பேருந்தை மறித்துப் புலிகள் கொன்ற இளம் பிக்குகளில் ஒருவரின் முகமாவது நம் நினைவில் இருக்கிறதா? 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் சுடப்பட்டவர்களில் ஒருவர் முகம்?

பகைக்கு எதிராக நின்ற படங்களும் உண்டு. 1914 கிறிஸ்துமஸ் அன்று அகழிகளை விட்டு வெளியே வந்த பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் கலந்து நிற்கும் படத்தை ‘டெய்லி மிரர்’ 1915 ஜனவரி 8 அன்று முதல் பக்கத்தில் போட்டது. அதற்குப் பின் களத்தில் தனியார் கேமராவுக்கான தடை இறுகியது. 2007இல் ஜேஆர் என்ற பிரெஞ்சுக் கலைஞர், ஒரே தொழில் செய்யும் இஸ்ரேலியர், பாலஸ்தீனியர் முகங்களைப் பக்கத்தில் பக்கமாகப் பெரிதாக்கிப் பிரிப்புச் சுவரின் இருபுறமும் ஒட்டினார். யார் எந்தப் பக்கத்தவர் என்று பலரால் சொல்ல முடியவில்லை. போர்ப் படக்கலைஞர் கரீம் பென் கெலிஃபா, இஸ்ரேல்-பாலஸ்தீனம், காங்கோ, எல் சல்வடோர் ஆகிய இடங்களின் எதிரெதிர்ப் போராளிகளிடம் உன் எதிரி யார், ஏன், அமைதி என்றால் உனக்கு என்ன என்ற ஒரே கேள்விகளைக் கேட்டார். மெய்நிகர் அரங்கில் பார்வையாளர் அந்த இருவருக்கும் நடுவே நின்று பதில்களைக் கேட்கலாம். ‘தி எனிமி’ என்ற அந்த ஆக்கம் 2017இல் பாரிஸில் அரங்கேறியது. இங்கே எதிரிக்கு முகத்தோடு குரலும் கிடைக்கிறது. என் பார்வையில் அது பெரிய முன்னேற்றம்.

ஆனால் படத்தால் மட்டும் பகை தீர்ந்ததற்கு நம்மிடம் சான்று குறைவு. ருவாண்டா இனப்படுகொலையின் இருபதாம் ஆண்டில், 2014இல், பீட்டர் ஹியூகோ கொன்றவரையும் உயிர் தப்பியவரையும் ஒன்றாக நிறுத்தி எடுத்த படங்கள் உலகெங்கும் பேசப்பட்டன. சிலர் தோளில் கை போட்டிருக்கிறார்கள். சிலர் இடைவெளி விட்டு இறுக்கமாக நிற்கிறார்கள். அந்த இணைகள் கேமரா முன்னால் வருவதற்கு முன்பே ஒரு தொண்டு நிறுவனம் மாதக்கணக்கில் அவர்களோடு பேசியிருந்தது. மன்னிப்புக் கேட்கும் வேலை படத்துக்கு முன் நடந்து முடிந்திருந்தது.

படக்குறிப்பு தவறினால் நல்ல நோக்கமும் நொறுங்கும். ஜெர்மன் ராணுவத்தின் போர்க்குற்றங்களைப் பற்றி ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் 1995இல் தொடங்கிய கண்காட்சியை ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அதில் சில படங்களில் இருந்த பிணங்கள் சோவியத் ரகசியக் காவல்துறையால் கொல்லப்பட்டவர்களுடையவை என்று தெரியவந்ததும் 1999இல் கண்காட்சி நிறுத்தப்பட்டது. ஆராய்ந்த குழு 1,400க்கும் மேற்பட்ட படங்களில் 20க்கும் குறைவானவையே பொருந்தாதவை என்றது. அந்தச் சிலவற்றைப் பிடித்துக்கொண்டு முழு உண்மையையும் மறுக்கக் காத்திருந்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது. கலவர நேரங்களில் வேறு நாட்டு, வேறு ஆண்டுப் படங்களை வாட்ஸ்அப்பில் ‘பாருங்கள், அவர்கள் செய்ததை’ என்று அனுப்பும் நம் காலத்தில், இது ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய எச்சரிக்கை.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 13ஆம் பிரிவு, போர்க்கைதிகளை இழிவிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்கவேண்டும் என்கிறது. 2003 மார்ச்சில் பிடிபட்ட அமெரிக்க வீரர்களை ஈராக் தொலைக்காட்சி காட்டியபோது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் இந்த ஒப்பந்தத்தைச் சுட்டிக்காட்டிக் கண்டித்தார். ஜூலையில் சதாம் உசேனின் இரு மகன்களின் பிணப் படங்களை அமெரிக்காவே வெளியிட்டது. டிசம்பரில் சதாமின் வாயைத் திறந்து மருத்துவர் சோதிக்கும் காட்சியை உலகத் தொலைக்காட்சிகளுக்குக் கொடுத்தது. தன் வீரர்களின் சவப்பெட்டிகள் டோவர் விமானத்தளத்தில் வந்திறங்குவதைப் படமெடுக்க மட்டும் 1991 முதல் 2009 வரை தடை போட்டிருந்தது.

நம் நாளிதழ்களும் காட்சி ஊடகங்களும் இந்தச் சட்டத்தின் உணர்வை உள்ளூரில் கடைப்பிடிக்க எந்த ஒப்பந்தமும் தேவையில்லை. கைதானவர்களைத் தரையில் வரிசையாக உட்காரவைத்து, பின்னால் காவலர்கள் நிற்கும் படத்தைக் காவல்துறை கொடுத்ததும் அப்படியே அச்சிடுகிறோம். ‘என்கவுண்ட்டர்’ சாவென்றால் பிணத்தின் முகத்தையே போடுகிறோம். தீர்ப்பு வரும் முன்பே அவர்கள் ஊருக்கு எதிரிகளாகிவிடுகிறார்கள். ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: படத்தை எடுத்தவர் யார், கொடுத்தவர் யார், எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதைப் படக்குறிப்பில் எழுதுங்கள், குற்றம் நிறுவப்படும்வரை முகத்தை மறைத்து வெளியிடுங்கள், இறந்தவர் யாராயிருந்தாலும், உங்கள் வீட்டவராயிருந்தால் போடுவீர்களா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.